எழுத்தெல்லாம் தெரியும், படிக்க மட்டும் வரவில்லை: யுகேஜி குழந்தையும் தமிழ் வாசிப்பும்

கேள்வி இதுதான்: "என் மகளுக்கு ஐந்து வயது, யுகேஜி படிக்கிறாள். அ முதல் ஃ வரை, க முதல் ன வரை தடங்கல் இல்லாமல் சொல்கிறாள். ஆனால் புத்தகத்தில் 'படம்' என்று இருந்தால் படிக்கத் தெரியவில்லை. பக்கத்தில் இருக்கும் ஓவியத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறாள். தினமும் நான்கு பக்கம் எழுத வையுங்கள், சரியாகிவிடும் என்கிறார் வகுப்பு ஆசிரியை. எழுத வைத்தால் அழுகிறாள். வீட்டில் நான் என்ன செய்ய வேண்டும்?"

மழலையர் வகுப்பிலும் ஒன்றாம் வகுப்பிலும் தமிழ் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகளிடம் எந்தக் குறையும் தெரியவில்லை. அவளுக்கு எழுத்துகளின் வரிசை தெரியும். படிப்பதற்கு வேண்டிய மற்ற சில விஷயங்களை இன்னும் யாரும் அவளுக்குக் காட்டவில்லை. அவ்வளவுதான். எழுதும் பக்கங்களைக் கூட்டினால் அவை வந்துவிடாது.

ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். ஒரு அட்டையில் 'ட' என்று மட்டும் பெரிதாக எழுதி, இது என்ன என்று கேளுங்கள். உடனே 'ட' என்றால் எழுத்து தெரியும். க, ங, ச, ஞ என்று முதலிலிருந்து முணுமுணுத்து வந்து 'ட'வில் நிறுத்தினால் அவளுக்குத் தெரிவது பாட்டுதான். வரிசையாகச் சொல்லும் குழந்தைகளில் நிறைய பேர் இந்த இரண்டாம் வகை. செல்போனில் ஓடும் எழுத்துப் பாடல் காணொளிகளைப் பார்த்து வளரும் பிள்ளைகளிடம் இது இன்னும் அதிகம். பாட்டு தெரிவது நல்லதுதான், ஆனால் அதைப் படிப்பு என்று எண்ணி மேலே போனால் ஒன்றாம் வகுப்பில் முட்டிக்கொண்டு நிற்கும்.

படிப்பு காதில் தொடங்குகிறது. பேச்சு என்பது சின்னச் சின்ன ஒலிகளாகப் பிரியும், பிரித்ததை மறுபடி சேர்க்கலாம் என்று குழந்தைக்குப் புரிய வேண்டும். நமக்கு இது சொல்லவே வேண்டாத விஷயம். நான்கு வயதுக் குழந்தைக்கு 'தக்காளி' என்றால் சிவப்பாக உருண்டையாக ஒரு காய். அதற்குள் தக், கா, ளி என்று மூன்று துண்டு இருப்பது அவளுக்குத் தெரியாது. வாசிப்பு பற்றி உலகம் முழுக்க நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது, ஒலியைப் பிரித்துக் கேட்கப் பழகிய குழந்தைக்கு எழுத்து எளிதாகப் பிடிபடும் என்பதைத்தான். அமெரிக்காவில் தேசிய வாசிப்புக் குழு 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையும் ஒலி உணர்வைத்தான் முதலில் வைத்தது.

இதற்குப் புத்தகமும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். சமையலறையில் நின்றபடியே கைதட்டி விளையாடலாம். பூ, ஒரு தட்டு. இட்-லி, இரண்டு. மாம்-ப-ழம், மூன்று. வா-ழைப்-ப-ழம், நான்கு. வீட்டில் உள்ளவர்களின் பெயர்களைத் தட்டச் சொன்னால் குழந்தைகளுக்கு அலுக்கவே அலுக்காது. அது பழகியதும் முதல் ஒலிக்குப் போங்கள். "மாடு, மாங்காய், மாமா, கிளி. இதில் சேராதது எது?" என்று கேளுங்கள். அப்புறம் கொஞ்சம் கடினமானது: "படம், அதில் 'ப'வை எடுத்துவிட்டு 'ம' வைத்தால்?" மடம். "'வ' வைத்தால்?" வடம். "'க' வைத்தால்?" கடம். பொருள் தெரியாத சொல் வந்தாலும் பரவாயில்லை, விளையாட்டு ஒலியோடுதான். பல், கல், நெல், சொல் என்று ஒரே மாதிரி முடியும் சொற்களை மாறி மாறிச் சொல்வதும் இதே பயிற்சிதான். பேருந்தில் போகும்போது, தலை வாரும்போது என்று ஐந்து நிமிடம் கிடைத்தால் போதும். இந்த விளையாட்டுகள் வராத குழந்தைக்கு எழுத்தை எத்தனை முறை காட்டினாலும் ஒட்டாது. அதனால் இதை மட்டும் அவசரப்பட்டுத் தாண்டிவிடாதீர்கள்.

சரி, இப்போது எழுத்துக்கு வருவோம். உங்கள் மகள் 'படம்' என்ற சொல்லில் தடுமாறியதற்கு முக்கியமான காரணம் அந்தக் கடைசி எழுத்தாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். 'ம்' என்ற எழுத்தை நாம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறோம்? 'இம்' என்று. க் என்றால் 'இக்', ல் என்றால் 'இல்'. மெய்யைத் தனியாக உச்சரிப்பது சிரமம் என்பதால் முன்னால் ஓர் இகரம் சேர்த்துச் சொல்லும் பழக்கம் இது. பெரிய பிள்ளைகளுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. ஐந்து வயதுக் குழந்தை அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். "ப, ட, இம்" என்று மூன்றையும் சரியாகச் சொல்லும். சேர்த்துச் சொல் என்றால் 'படயிம்' என்று ஏதோ வரும். அப்படி ஒரு சொல்லை அது வாழ்நாளில் கேட்டதில்லை. உடனே ஓவியத்தைப் பார்த்து ஊகிக்கத் தொடங்கிவிடும். குழந்தை கவனமில்லாமல் இருக்கிறது என்று நாம் திட்டுவோம்.

இதற்கு வழி, ம் என்றால் உதட்டை மூடி 'ம்ம்ம்' என்று மட்டும் ஒலிக்க வைப்பது. ப, ட, ம்ம்ம். இரண்டு முறை வேகமாகச் சொன்னால் படம் வந்துவிடும். ல், ன், ர், ள் போன்றவற்றையும் இப்படி இழுத்துச் சொல்லலாம். க், ச், ட், த், ப் ஆகியவற்றை இழுக்க முடியாது. அவற்றைத் தனியாகச் சொல்ல வைக்காமல் முந்தைய எழுத்தோடு ஒட்டிச் சொல்ல வையுங்கள்: அப்-பா, அக்-கா, பட்-டம், தாத்-தா. கைதட்டும் விளையாட்டில் ஏற்கெனவே இப்படித்தான் பிரித்திருப்பாள், அதனால் புதிதாக ஒன்றும் தோன்றாது. அதே போல அ-வை 'ஆனா', ஆ-வை 'ஆவன்னா' என்று சொல்லும் வழக்கம் வீட்டில் தாத்தா பாட்டியிடம் இருந்தால், படிக்கத் தொடங்கும் காலத்தில் மட்டும் அந்தப் பெயர்களைத் தள்ளி வைத்து ஒலியையே சொல்லச் சொல்லுங்கள்.

இந்த ஒரு தடையைத் தாண்டிவிட்டால் தமிழ் குழந்தைக்கு மிகவும் இணக்கமான மொழி. ப என்ற எழுத்தின் ஒலியும் 'ப'தான். அதனால் எழுத்துகளை அடுத்தடுத்துச் சொன்னாலே சொல் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'சி, ஏ, டி' என்று எழுத்தின் பெயர்களைச் சொல்லிச் சேர்த்தால் 'கேட்' வராது. அங்கே பெயர் வேறு, ஒலி வேறு. உங்கள் பள்ளியில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும் என்பதால் சொல்கிறேன்: தமிழில் ஒலிகளைச் சேர்த்துப் படிக்கக் கற்றுக்கொண்ட குழந்தை அந்த உத்தியை ஆங்கிலத்துக்கும் எடுத்துக்கொண்டு போகும். ஆங்கிலம் பின்தங்கிவிடுமோ என்று தமிழை ஒதுக்க வேண்டியதில்லை. இரண்டையும் ஒரே வேளையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்காமல், தமிழ் காலையில், ஆங்கிலம் மாலையில் என்று பிரித்துக்கொண்டால் போதும்.

அடுத்தது எழுத்துகளை எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது என்பது. 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 247. நெடுங்கணக்கு, அதாவது இவற்றை அடுக்கும் வழக்கமான வரிசை, அகராதி பார்க்க, இலக்கணம் கற்க அருமையான ஒழுங்கு. முதல் வாசிப்புக்கு அது ஏற்ற வரிசை என்று சொல்ல முடியாது. க முடிந்ததும் ங வருகிறது. ங வரிசையில் ஙா, ஙி, ஙீ எல்லாம் எந்தச் சிறுவர் புத்தகத்திலும் வராது. ஔகார வரிசையில் பௌர்ணமி, கௌதாரி போல ஒன்றிரண்டு வரும். ங வரிசையின் 12 எழுத்தையும் ஔகார வரிசையின் 18 எழுத்தையும் சேர்த்தால், இரண்டிலும் வரும் ஙௌ-வை ஒருமுறை கழித்து, 29. மழலையர் வகுப்புக் குழந்தை இந்த 29 எழுத்தையும் பக்கம் பக்கமாக எழுதுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கிறது. அந்த நேரத்தில் 'அம்மா, பால் தா' என்று அவள் தானாகப் படித்திருக்கலாம்.

நான் தொடங்குவது இப்படி: அ, ஆ இரண்டு உயிர். ப, ட, ம, க, த, ல, ர ஏழு உயிர்மெய். இவற்றோடு புள்ளியும் துணைக்காலும். ப, ட, ம மூன்றும் பெரும்பாலும் நேர்கோடுகளால் ஆனவை என்பதால் பார்த்து நினைவில் வைக்கவும் பின்னால் எழுதவும் சுலபம். இந்தச் சின்னக் கைப்பிடி எழுத்துகளிலேயே அம்மா, அப்பா, அக்கா, தாத்தா, மாமா, படம், பட்டம், மரம், பல், கல், பால், கால், பாலம், காகம், கடல், பகல், கப்பல் எல்லாம் வந்துவிடும். "மாமா, படம் தா", "அக்கா, கப்பல் பார்" என்று முழு வாக்கியமே வரும். முதல்முறை தானாக ஒரு வாக்கியத்தைப் படித்து அதன் பொருளும் புரியும்போது குழந்தையின் முகத்தில் வருகிற மலர்ச்சியை நீங்களே பார்ப்பீர்கள். அதற்குப் பிறகு அவளே கடைப் பலகைகளைக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்பாள்.

வாரத்துக்கு இரண்டு எழுத்துக்கு மேல் புதிதாகச் சேர்க்க வேண்டாம். துணைக்கால் நன்றாக வந்த பிறகு இகர, ஈகாரக் கொக்கிகள்: பாட்டி, தம்பி, பல்லி, கட்டில், கரடி, தீ. அப்புறம் உகரம். இங்கே நிதானம் வேண்டும், ஏனென்றால் கு, டு, து, பு, று ஒவ்வொன்றிலும் உகரம் ஒவ்வொரு வடிவில் ஒட்டுகிறது. விதி சொல்லிப் புரிய வைக்க முடியாது. அதிகம் வருகிற இந்த ஐந்தை மட்டும் முழு எழுத்தாகவே பழக்கினால் மாடு, காது, பாட்டு, பாம்பு, ஆறு படிக்கலாம். மற்றவை மெல்ல வரட்டும்.

கடைசியாகத்தான் கொம்புகள். கெ, கே, கை என்று எழுதும்போது கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, வாயில் முதலில் வருவது 'க்'. கொ, கோ என்றால் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. இடமிருந்து வலமாகப் படி என்று இப்போதுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம், அதற்குள் எழுத்தே அதை மீறுகிறது. குழந்தை குழம்புவது நியாயம். கை, பை, மை, தலை, மலை போல ஐகாரச் சொற்களில் தொடங்கினால் இது கொஞ்சம் எளிதாகும். இங்கே ஒரு விஷயம். 1978-க்கு முன்னால் ணை, லை, ளை, னை ஆகியவை தும்பிக்கை மாதிரி வளைந்த தனி வடிவத்தில் இருந்தன. அந்த ஆண்டு வந்த எழுத்துச் சீர்திருத்தம்தான் இவற்றையும் மற்ற ஐகார எழுத்துகள் போல ஆக்கியது. ணா, றா, னா வகையும் அப்போதுதான் சீரானது. பாட்டியின் கையெழுத்தில் இன்னும் பழைய வடிவம் இருந்தால், குழந்தைக்கு எழுதிக் காட்டும்போது மட்டும் புதியதை எழுதச் சொல்லுங்கள்.

எல்லா எழுத்தும் யுகேஜி முடிவதற்குள் வந்தாக வேண்டும் என்று யாராவது சொன்னால் பதற வேண்டாம். கன்னட எழுத்து முறையும் நம்முடையதைப் போல உயிரும் மெய்யும் சேர்ந்து ஓர் எழுத்தாவதுதான். கன்னடம் படிக்கும் குழந்தைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட கட்டுரை, எழுத்துகளை முழுமையாகக் கற்பது தொடக்கப் பள்ளியில் பல வருடம் நீள்கிறது என்று காட்டியது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் எட்டு வயதுக்குள் பிழையின்றிப் படிக்க வேண்டும் என்பதைத்தான் இலக்காக வைத்தது. உங்கள் மகளுக்கு ஐந்து.

சுவரில் மாட்டும் அட்டை பற்றியும் சொல்ல வேண்டும். இ என்றால் இலை, உ என்றால் உரல் என்று இருக்கும். வீட்டில் நாம் என்ன சொல்கிறோம்? 'எல', 'ஒரல்' என்கிறோம். இடம் 'எடம்' ஆகிறது, குடை 'கொட' ஆகிறது. இலையின் படத்தைப் பார்த்துக் குழந்தை 'எ' என்று சொன்னால் அவள் காது சரியாக வேலை செய்கிறது என்று பொருள். தப்பு என்று அடக்கிவிட்டால், தன் காதை நம்பக் கூடாது என்று கற்றுக்கொள்வாள். அட்டையை மாற்றுங்கள். இ-க்கு இட்லி, இஞ்சி. உ-வுக்கு உப்பு, உண்டியல். எ-க்கு எலி, எறும்பு. பேச்சிலும் எழுத்திலும் தொடக்க ஒலி மாறாத சொற்களாக இருக்கட்டும். ஔ, ஃ இரண்டையும் பெயரளவில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

பேச்சுத் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் இருக்கும் தூரம் சொல்லின் முதல் எழுத்தோடு நிற்பதில்லை. 'வந்துச்சு' புத்தகத்தில் 'வந்தது'. 'இருக்கு' அங்கே 'இருக்கிறது'. 'வீட்ல' அங்கே 'வீட்டில்'. மரம் என்ற சொல்லின் கடைசி மகரத்தைப் பேச்சில் மூக்கால் ஒலித்து விட்டுவிடுகிறோம். குழந்தை எழுத்துக் கூட்டி 'இ-ருக்-கி-ற-து' என்று சரியாகவே படித்தாலும், அந்தச் சொல்லைக் காதால் கேட்டுப் பழகியிருக்காவிட்டால் பொருள் தோன்றாது. கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக்கும் திறனும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனும் பெருக்கினால் வருவது வாசிப்பு. இரண்டில் எது சுழியமானாலும் விடை சுழியம்.

அதனால்தான் தினமும் கதை வாசித்துக் காட்டுவதை நான் வற்புறுத்துகிறேன். மடியில் வைத்துக்கொண்டு, புத்தகத்தில் உள்ளதை உள்ளபடியே வாசியுங்கள். வரிக்குக் கீழே விரல் நகரட்டும். அப்புறம் உங்கள் பேச்சில் அதையே சொல்லுங்கள். "நரி ஏன் ஒளிஞ்சுக்கிச்சு? அடுத்து என்ன பண்ணும்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலை இன்னும் ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லுங்கள். ஒரே கதையை மறுபடி மறுபடி கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள், அப்படிக் கேட்கும்போதுதான் புத்தகத் தமிழ் காதில் படிகிறது. வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ உருதுவோ பேசுபவர்கள் கதையைத் தங்கள் மொழியில் பேசிவிட்டுத் தமிழில் வாசித்துக் காட்டலாம். வீட்டு மொழியை நிறுத்தச் சொல்லும் அறிவுரையைக் கேட்காதீர்கள். புத்தகத்துக்குச் செலவு செய்ய முடியாதவர்களுக்கு, பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் படிநிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் படிநிலையில் பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரிதான் இருக்கும்.

எழுதுவதைப் பற்றி ஆசிரியை சொன்னதற்கு வருகிறேன். ஐந்து வயதில் விரல்களும் மணிக்கட்டும் இன்னும் உறுதிப்படவில்லை. நான்கு பக்கம் எழுதும் குழந்தை இரண்டாவது வரியிலிருந்தே வடிவத்தைப் பார்க்காமல் கையை மட்டும் நகர்த்துகிறது. ஒரே எழுத்தை நூறு முறை எழுதியும் மறுநாள் அதைப் புத்தகத்தில் அடையாளம் காணாத பிள்ளைகளை எந்த ஆசிரியரும் பார்த்திருப்பார். அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதியபடியே வாயால் சொன்னார்கள். அது நல்ல முறை. தாம்பாளத்தில் அரிசியோ ரவையோ பரப்பி, ஒலியைச் சொல்லிக்கொண்டே ஓர் எழுத்தைப் பெரிதாக மூன்று நான்கு முறை எழுதட்டும். சப்பாத்தி மாவை உருட்டி எழுத்து செய்யட்டும். சிலேட்டில் ஒரு சொல் எழுதினால் போதும், அதுவும் அவள் படிக்கத் தெரிந்த சொல்லாக இருக்கட்டும். எழுத்தைத் திருப்பிப் போட்டு எழுதினால் பயப்படாதீர்கள். இந்த வயதில் கண்ணாடியில் தெரிவது போல எழுதுவது சகஜம், ஆறு ஏழு வயதுக்குள் பெரும்பாலும் தானாகச் சரியாகும்.

ஒலியே குழப்பும் எழுத்துகள் சில உண்டு: ல, ள, ழ, ர, ற, ந, ன, ண. இவற்றை ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாடு காட்ட வேண்டாம். ல உறுதியான பிறகு சில வாரம் கழித்து ள வரட்டும். எ-யும் ஏ-யும், துணைக்காலும் ர-வும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதும் இப்படித்தான், இடைவெளி விட்டுக் கற்றால் குழப்பம் குறையும். க, ச, ட, த, ப ஒவ்வொன்றும் இடத்துக்கு ஏற்ப ஒலி மாறுவதைப் பற்றி மட்டும் நீங்கள் கவலைப்படவே வேண்டாம். பந்து, அப்பா என்ற சொற்களில் ஒலிக்கும் 'ப' தம்பியில் வேறாக ஒலிக்கிறது. தெரிந்த சொல்லாக இருந்தால் குழந்தை தானே திருத்திக்கொள்ளும்.

எப்போது கவலைப்பட வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். பேச்சு தாமதமாக வந்த குழந்தை, அடிக்கடி காதில் சீழ் வந்த குழந்தை, கூப்பிட்டால் பல முறை திரும்பாத குழந்தை என்றால் முதலில் காதைச் சோதியுங்கள். புத்தகத்தை மூக்கருகே கொண்டுபோனால் கண்ணைச் சோதியுங்கள். இரண்டும் சரியாக இருந்து, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தும், ஒன்றாம் வகுப்பு முடியும்போது இரண்டெழுத்துச் சொல்லைக்கூடச் சேர்த்துப் படிக்க முடியாவிட்டால், அல்லது குடும்பத்தில் யாருக்காவது படிப்பதில் பெரும் சிரமம் இருந்திருந்தால், நிபுணரைப் பார்க்கலாம். டிஸ்லெக்ஸியா, அதாவது படிப்பதில் சிரமம் தரும் கற்றல் குறைபாடு, என்று உறுதி செய்வது பொதுவாக ஏழு எட்டு வயதில்தான், ஆனால் உதவியை அதற்கு முன்பே தொடங்கலாம். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் இதற்காகவே இயங்குகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதால் பள்ளியிடம் சலுகை கேட்கவும் உரிமை உண்டு.

ஆசிரியையிடம் சண்டைக்குப் போக வேண்டாம், அவருக்கும் மேலே இருந்து நெருக்கடி இருக்கும். "வீட்டில் இப்போது ப, ட, ம, க, த, ல, ர-வை வைத்துச் சொற்கள் படிக்கிறோம். இந்த இரண்டு மாதம் நான்கு பக்கத்துக்குப் பதில் இந்தச் சொற்களில் ஐந்தை எழுத விடுங்கள்" என்று நோட்டைக் காட்டிக் கேளுங்கள். இன்று இரவு கைதட்டும் விளையாட்டிலிருந்து தொடங்குங்கள்.